உறைபனிக்கு முன் முற்றும் சோயா: குளிர் நாட்டு ரகங்கள் உருவான விதமும் விதை வாங்கும்போது நாம் கேட்க வேண்டியதும்

கனடா நாட்டின் மனிடோபா மாகாணத்தில் சோயா மொச்சையை மே மாத நடுவில்தான் விதைக்க முடியும். அதற்கு முன் மண் குளிர்ந்து கிடக்கும், விதை முளைக்காது. செப்டம்பர் பிற்பாதியில் உறைபனி இறங்கத் தொடங்கிவிடும். இடையில் கிடைப்பது ஏறக்குறைய 4 மாதம். அதற்குள் செடி முளைத்து, பூத்து, காய் பிடித்து, மணி முற்றிவிட வேண்டும். பத்து நாள் பிந்தினாலும் ஆபத்துதான். பச்சைக் காயோடு நிற்கும் பயிர் ஒரே இரவில் கருகி, போட்ட முதலும் போய்விடும்.

இப்படிப்பட்ட ஊரில் 2017ஆம் ஆண்டு சுமார் 23 லட்சம் ஏக்கரில் சோயா விதைத்தார்கள். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் அங்கே அது பெயரளவுக்கு இருந்த பயிர். உரமோ இயந்திரமோ மட்டும் இதைச் செய்துவிடவில்லை. முதல் காரணம், அந்த ஊரின் பகலுக்கும் குளிருக்கும் ஏற்றபடி உருவாக்கிய ரகங்கள்.

அந்த வேலை எப்படி நடந்தது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். நம் ஊரில் உறைபனி இல்லையே, இது நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். ஒரு ரகம் ஒரு ஊரில் நன்றாக விளைந்து, அடுத்த ஊரில் ஏன் ஏமாற்றுகிறது என்ற கேள்விக்கு இதில் தெளிவான விடை இருக்கிறது.

பயிருக்குள் இருக்கும் கடிகாரம்

பழைய நாட்டு மொச்சையும் பந்தல் அவரையும் போடும் விவசாயிகளுக்கு ஒரு விஷயம் தெரியும். ஆடியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும் அது பூப்பது பனிக்காலத்தில்தான். முன்னால் விதைத்தால் கொடி அதிகம் ஓடுமே தவிர, பூ முன்னால் வராது. செடி பூப்பதற்கு அதன் வயது மட்டும் போதாது, இரவு போதிய அளவு நீள வேண்டும் என்பதே காரணம்.

சோயாவும் இதே குணம் கொண்ட பயிர். அமெரிக்க வேளாண் துறையின் விஞ்ஞானிகள் கார்னர், அல்லார்ட் இருவரும் பிலாக்ஸி என்ற சோயா ரகத்தைப் பல வார இடைவெளி விட்டு அடுத்தடுத்து விதைத்துப் பார்த்தார்கள். முன்னால் விதைத்ததும் பின்னால் விதைத்ததும் ஏறக்குறைய ஒரே காலத்தில், செப்டம்பரில் பூத்தன. பகல் நீளத்துக்கும் பூப்புக்கும் உள்ள தொடர்பை விளக்கி 1920இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, இன்றைக்கும் இந்தத் துறையின் அடிப்படை.

பகல் நீளம் என்று சொன்னாலும், செடி உண்மையில் அளப்பது இரவின் நீளத்தைத்தான். இரவு நடுவில் சிறிது நேரம் வெளிச்சம் பட்டாலே சோயா ஏமாந்துபோகும். அமெரிக்காவில் சாலை விளக்குக்கு அடியில் இருக்கும் சோயாச் செடிகள், வயல் முழுக்கப் பழுத்துக் காய்ந்த பிறகும் பச்சையாகவே நிற்பது வழக்கமான காட்சி. விளக்கு வெளிச்சத்தில் அவற்றுக்கு இரவு நீண்டதே தெரியவில்லை. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் கொய்மலர்ச் சாமந்தி வளர்ப்பவர்கள் இரவில் விளக்குப் போட்டுப் பூப்பைத் தள்ளிவைப்பதும் இதே கணக்குதான்.

வடக்கே இரண்டு சிக்கல்

நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே போகப் போகக் கோடைப் பகல் நீளும். ஜூன் 21 அன்று சென்னையில் பகல் ஏறக்குறைய 13 மணி நேரம். கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் சுமார் 15 மணி 40 நிமிடம். மனிடோபாவின் தலைநகர் வினிபெக்கில் 16 மணி நேரத்துக்கும் மேல். இரவு 8 மணி நேரம்கூட இல்லை.

தெற்கே பழகிய ஒரு சோயா ரகத்தை வினிபெக்கில் மே மாதம் விதைத்தால் என்ன ஆகும்? செடி செழிப்பாக வளரும். இலை கரும்பச்சையாக, பார்க்கவே அழகாக இருக்கும். ஆனால் ஜூலையில் பூக்காது. இரவு போதிய அளவு நீளும் வரை காத்திருக்கும். பூக்கத் தொடங்கும்போது ஆகஸ்ட் நடுப்பகுதி தாண்டிவிடும். காயில் மணி திரளும் நேரத்தில் உறைபனி வந்துவிடும். ஆகவே வடக்கே முதல் சிக்கல், பகல் நீளம் பூப்பைத் தள்ளிப்போடுவது. இரண்டாவது சிக்கல், பருவமே குறுகியது.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே தீர்வுதான் உண்டு. பகல் 16 மணி நேரம் இருக்கும்போதே, விதைத்து ஒன்றரை மாதம் போல் ஆனதும், ஜூலைத் தொடக்கத்தில் பூக்கிற செடி வேண்டும். அதாவது பகல் நீளத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தாத செடி.

முதிர்வுக் குழு என்றால் என்ன?

வட அமெரிக்காவில் சோயா ரகங்களை முதிர்வுக் குழுக்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மொத்தம் 13 குழுக்கள். இவற்றில் 1 முதல் 10 வரை எண் கொண்ட குழுக்கள் உண்டு. 1ஐ விட முந்தி முற்றும் ரகங்களுக்கு 0 என்ற குழு. அதைவிட முந்தியவற்றுக்கு 00, அதற்கும் முந்தியவற்றுக்கு 000 என்று பெயர் வந்தது. அமெரிக்காவின் தென்கோடிக்கு 7, 8 எண் குழுக்கள். மனிடோபாவுக்கு 00, 000 குழுக்கள்.

ஒரு ரகம் நன்றாகப் பொருந்தும் நிலப்பகுதி, தெற்கு வடக்காகச் சுமார் 150 முதல் 250 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டைதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தப் பட்டைக்கு வடக்கே கொண்டுபோனால் முற்றத் தாமதமாகும். தெற்கே கொண்டுபோனால் வளர்வதற்கு முன்பே பூத்து, குட்டையாக நின்றுவிடும். நெல்லில் சம்பாவுக்கு உள்ள நீண்டகால ரகத்தைக் குறுவையில் போட மாட்டோம் அல்லவா? சோயாவில் பருவத்தோடு ஊரும் சேர்ந்துகொள்கிறது.

பூப்பைத் தடுக்கும் பிரேக்

கடிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று விஞ்ஞானிகள் மரபணு மட்டத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். எளிமையாகச் சொன்னால் இப்படி.

சோயா இலையில் வெளிச்சத்தை உணரும் நிறமிப் புரதங்கள் உண்டு. அவற்றில் இரண்டை உண்டாக்கும் மரபணுக்களுக்கு இ3, இ4 என்று பெயர். பகல் நீளமாக இருந்தால் இவை இ1 என்ற மரபணுவை முடுக்கிவிடும். இ1 ஒரு பிரேக் மாதிரி. இலையிலிருந்து நுனிக்குப் போய் 'இனி பூக்கலாம்' என்று சொல்லும் சமிக்ஞையை அது தடுத்துவிடும். பகல் குறைந்து இரவு நீண்டதும் இ1 ஓயும், சமிக்ஞை போகும், செடி பூக்கும். இ2 என்ற இன்னொரு மரபணுவும் பூப்பைப் பிந்தச் செய்யும்.

வடக்கே விளையும் ரகங்களில் இந்த இ மரபணுக்களில் சில பலவீனமாகவோ, வேலையே செய்யாத வடிவிலோ இருக்கின்றன. பிரேக் தேய்ந்துபோன வண்டி மாதிரி, பகல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அந்தச் செடி நிற்காமல் பூப்புக்குப் போய்விடும்.

இந்த வடிவங்களை யாரும் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் செய்யவில்லை. சீனாவின் வடகிழக்கு, ஜப்பானின் வடக்கு போன்ற குளிர்ப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகச் சோயா பயிரிட்ட விவசாயிகள், பனிக்கு முன் முற்றிய செடிகளின் விதையையே எடுத்துவைத்தார்கள். அதனால் அவை அங்கே தங்கின. இ1, இ2, இ3 ஆகியவற்றின் விளைவுகள் 1971இல் விவரிக்கப்பட்டன. இ4 பற்றி கனடா ஆய்வாளர்கள் 1980இல் எழுதினார்கள். இ1 மரபணு எது என்று துல்லியமாக அடையாளம் கண்டது 2012இல்தான். ஆனால் விவசாயிகளின் கை அந்த வேலையைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்திருந்தது.

குளிரைத் தாங்கும் பூ

சீக்கிரம் பூத்தால் மட்டும் போதாது. பூக்கும் நேரத்தில் இரவுக் குளிர் கடுமையாக இருந்தால் சோயாவின் பூவும் பிஞ்சும் உதிரும். ஏறக்குறைய 15 டிகிரிக்குக் கீழே வெப்பம் இறங்கி, அது சில நாட்கள் நீடித்தால் காய்ப்பிடிப்பு குறையும். சில ரகங்களில் விதைத்தோல் வெடித்து, நிறமும் கெடும். ஆகவே பூப்பில் குளிர் தாங்கும் குணமும் வேண்டும்.

இந்தக் குணத்தைத் தேடியவர்களில் சுவீடன் நாட்டின் ஸ்வென் ஹோல்ம்பெர்க் முக்கியமானவர். அவர் வேலை செய்த ஃபிஸ்கபி, நோர்ஷோபிங் நகரை ஒட்டிய இடம். அது வினிபெக்கைவிடவும் வடக்கே, 58 டிகிரி அட்சரேகையைத் தாண்டி இருக்கிறது. ஜப்பானின் வடபகுதிச் சோயாக்களை எடுத்துவந்து, கலப்புச் செய்து, தேர்வு செய்து, ஃபிஸ்கபி என்ற பெயரிலேயே ரகங்களை உருவாக்கினார். மகசூலில் அவை பெரிய ரகங்கள் அல்ல. ஆனால் குளிரில் காய் பிடித்தன.

அதே காலத்தில் கனடாவில் சோயா என்பது பெரும்பாலும் ஒன்டாரியோ மாகாணத்தின் தென்கோடிப் பயிர். அந்தக் கோடியில் உள்ள ஹாரோ ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஹாரோசாய் போன்ற நல்ல மகசூல் ரகங்கள் வந்திருந்தன. ஆனால் அவை வடக்கே முற்றாது. ஒட்டாவாவில் உள்ள அரசு ஆராய்ச்சி நிலையத்தில் ஹார்வி வோல்டெங் என்ற பயிர்ப் பெருக்க விஞ்ஞானி, ஹாரோசாய் 63 ரகத்தையும் சுவீடனிலிருந்து வந்த குளிர் தாங்கும் ஒரு வளர்ப்பையும் கலந்ததில் கிடைத்த ரகத்தை 1976இல் வெளியிட்டார். அதன் பெயர் மேப்பிள் ஆரோ, முதிர்வுக் குழு 00.

ஒரு பெற்றோரிடமிருந்து மகசூல், இன்னொரு பெற்றோரிடமிருந்து சீக்கிர முதிர்ச்சியும் குளிர் தாங்கும் திறனும். இதுதான் அந்தக் கலப்பின் நோக்கம். இதற்குப் பிறகு சோயா கனடாவில் வடக்கும் கிழக்கும் பரவ வழி கிடைத்தது. இதே நிலையம் பின்னால் 000 குழு ரகமான மேப்பிள் பிரெஸ்டோவையும் கொடுத்தது.

ஒரு ரகம் உருவாக எத்தனை ஆண்டு?

வழக்கமான முறையில் 8 முதல் 10 ஆண்டு ஆகும். படிகள் இவை.

முதல் படி கலப்பு. சோயா தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர். பூ விரியும் முன்பே உள்ளுக்குள் சேர்க்கை முடிந்துவிடும். அதனால் விரியாத மொட்டை எடுத்து, சிறு இடுக்கியால் இதழையும் மகரந்தப் பைகளையும் நீக்கி, வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். மொட்டு அரிசி மணியைவிடச் சற்றே பெரியது. பல மொட்டில் செய்தால் சிலதுதான் காய் பிடிக்கும். கலப்பு உண்மையில் நடந்ததா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. வெள்ளைப் பூச் செடியைத் தாயாகவும் ஊதாப் பூச் செடியைத் தந்தையாகவும் வைத்தால், அடுத்த தலைமுறையில் ஊதா பூத்தது கலப்பு, வெள்ளை பூத்தது தாயின் சொந்த விதை.

இரண்டாவது படி பிரிதல். கலப்புச் செடியின் விதைகளை விதைத்தால் உயரம், வயது, காய், நிறம் எல்லாம் பலவகையாகப் பிரியும். ஒரே வயலில் சீக்கிரம் முற்றுவதும் பிந்தி முற்றுவதும் கலந்து நிற்கும்.

மூன்றாவது படி நிலைப்படுத்துதல். ஒவ்வொரு செடியிலிருந்தும் ஒரு விதை எடுத்து அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோவார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்புத் தன்மை பாதியாகக் குறையும். 50 சதவீதம், 25, 12.5, பிறகு 6 சதவீதம் சுமார். நான்கைந்து தலைமுறையில் செடி ஒரே சீராகிவிடும். கனடாவில் ஆண்டுக்கு ஒரு போகம்தான் என்பதால், குளிர்காலத்தில் விதையைச் சிலி போன்ற தென்பாதி நாடுகளுக்கோ வெப்ப நாடுகளுக்கோ அனுப்பி இன்னொரு தலைமுறை எடுப்பார்கள். ஆனால் வயதையோ மகசூலையோ அங்கே வைத்துத் தேர்வு செய்ய மாட்டார்கள். வேறு ஊர்ப் பகலில் செடி காட்டும் குணம் சொந்த ஊருக்குப் பொருந்தாது.

நான்காவது படி சோதனை. சீரான வளர்ப்புகளைச் சொந்த மண்ணில், பல ஊர்களில், இரண்டு மூன்று ஆண்டு விதைத்துப் பார்ப்பார்கள். மகசூல், முற்றும் நாள், சாய்தல், நோய், புரதம், எண்ணெய் எல்லாம் குறிப்பார்கள். நூற்றுக்கணக்கில் தொடங்கினால் கடைசியில் ஒன்றிரண்டு மிஞ்சும். சில கலப்புகளில் ஒன்றுமே மிஞ்சாது. இப்போது இ மரபணுக்களை நாற்றுப் பருவத்திலேயே சோதித்து, பொருந்தாதவற்றை முன்பே கழிக்க முடிகிறது. ஆனாலும் வயல் சோதனைக்கு மாற்று இல்லை.

மகசூலா, பாதுகாப்பா?

இங்கேதான் விவசாயிக்கும் விஞ்ஞானிக்கும் பெரிய இழுபறி. வயது கூடிய ரகம் பொதுவாக அதிக மகசூல் தரும். செடிக்கு வளரவும் மணி திரளவும் நாள் கூடுதலாகக் கிடைக்கிறது. ஆனால் உறைபனி முந்தினால் முழு நட்டம். வெப்பம் மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே போனால் முற்றாத செடி கருகும். மணி பச்சை நிறத்திலேயே நின்று, எடையும் விலையும் குறையும்.

அதனால் வடக்கே அனுபவமுள்ள விவசாயிகள் நிலம் முழுவதும் ஒரே ரகம் போடுவதில்லை. ஒரு பங்கில் சற்று வயது கூடிய ரகம், மற்றதில் நிச்சயமாக முற்றும் ரகம். மனிடோபாவில் ஆண்டுதோறும் வெளியாகும் விதைக் கையேட்டில் ரகம் வாரியாக மகசூலோடு முற்றும் நாளும் அச்சிடுகிறார்கள். மகசூல் பத்தியை மட்டும் பார்த்து வாங்குபவர் பனியோடு சூதாடுகிறார் என்று பொருள்.

முதிர்வு நாள் சரியாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 2016இல் மனிடோபாவில் சராசரி மகசூல் ஏக்கருக்கு 1,100 கிலோவைத் தொட்டது. அந்த உற்சாகத்தில் 2017இல் பரப்பு உச்சத்துக்குப் போனது. அடுத்து வந்த ஆண்டுகளில் மணி திரளும் ஆகஸ்ட் மாதத்தில் மழை குறைந்து, மகசூல் சரிந்தது. 2020இல் பரப்பு ஏறக்குறைய பாதியாகிவிட்டது. ஒரு நல்ல ஆண்டின் மகசூலை வைத்து அடுத்த ஆண்டு நிலம் முழுவதையும் ஒரே பயிருக்குக் கொடுப்பது எந்த நாட்டிலும் ஆபத்துதான்.

விதை மட்டும் போதாது

சோயா புதிதாகப் போகும் மண்ணில் அதற்கு உரிய வேர் முடிச்சுப் பாக்டீரியா இருக்காது. மனிடோபாவில் முதன்முதலாகச் சோயா போடும் நிலத்துக்கு, விதையிலும் கலந்து, விதைக்கும் சாலிலும் இட்டு, இரண்டு வழியில் பாக்டீரியாவைக் கொடுக்கச் சொல்கிறார்கள். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல ரகமாக இருந்தாலும் வெளுத்து நிற்கும்.

அங்குள்ள சிவப்பாற்றுப் பள்ளத்தாக்கு சுண்ணாம்புச் சத்து மிகுந்த கரிசல் போன்ற கனத்த மண். அதில் இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் செடிக்குக் கிடைக்காது. இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றது மஞ்சளாகிவிடும். இதைத் தாங்கும் திறனைப் பார்த்தும் ரகம் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் ஊரிலும் சுண்ணாம்பு மண்ணில் நிலக்கடலை இப்படி மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்று, சீக்கிரம் முற்றும் செடி குட்டையாக இருப்பதால் அடிக்காய் தரையை ஒட்டி வரும். அறுவடை இயந்திரத்தின் வெட்டுக் கத்தி அதற்கு மேலே போய்விட்டால், அந்தக் காயெல்லாம் வயலிலேயே தங்கிவிடும். அடிக்காய் உயரத்தையும் ரகத் தேர்வில் பார்ப்பது இதனால்தான்.

அந்த விதையை இங்கே போட்டால்?

கனடாவில் ஏக்கருக்கு 1,000 கிலோ எடுக்கிறார்களாமே, அந்த விதையை வரவழைக்க முடியாதா என்று பயிற்சி வகுப்புகளில் கேட்பார்கள். விடை இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். 16 மணி நேரப் பகலில் ஒன்றரை மாதம் வளர்ந்து பூக்கும் செடி, நம் ஊரின் 12, 13 மணி நேரப் பகலிலும் வெயிலிலும் அதற்கு வெகு முன்பே பூத்துவிடும். செடி ஒரு சாண் உயரத்தில் நின்று, நாலைந்து காயோடு முற்றிவிடும். அந்த மகசூல் விதையில் மட்டும் இல்லை, அந்த ஊர்ப் பகலிலும் இருக்கிறது.

சட்டப்படியும் அது முடியாது. வெளிநாட்டு விதையைத் தாவரத் தொற்றுத்தடுப்பு அனுமதி இல்லாமல் கொண்டுவரக் கூடாது. வட அமெரிக்காவில் பயிராகும் சோயாவில் பெரும்பகுதி களைக்கொல்லி தாங்கும்படி மரபணு மாற்றம் செய்தது. அதைப் பயிரிட இந்தியாவில் அனுமதி இல்லை.

இதே கணக்கை நம் நாட்டுக்குள்ளும் வைத்துப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தில் பெயர் பெற்ற ரகம், நம்மைவிட நீண்ட கோடைப் பகலில் தேர்வு செய்யப்பட்டது. இங்கே அது முந்திப் பூத்து, வளர்ச்சி குறைவாக நிற்க வாய்ப்பு அதிகம். அதனால்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இங்குள்ள பகலுக்கும் பட்டத்துக்கும் ஏற்ப கோ வரிசை ரகங்களைத் தனியாக வெளியிட்டது. கோ (சோயா) 3 ரகத்தின் வயது 85 முதல் 90 நாள். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று நம் பெரியவர்கள் சொன்னதும், வினிபெக் விவசாயி 00 குழு பார்த்து வாங்குவதும் ஒரே அறிவுதான்.

விதை வாங்கும் முன் கேட்க வேண்டியவை

சோயா மட்டுமல்ல, எந்தப் பயறு வகைக்கும் இவை பொருந்தும்.

1. இந்த ரகம் எந்த மாவட்டத்துக்கு, எந்தப் பட்டத்துக்குப் பரிந்துரைத்தது? 'எல்லா ஊருக்கும் எல்லாப் பருவத்துக்கும்' என்று கடைக்காரர் சொன்னால், பரிந்துரை எதில் இருக்கிறது என்று கேளுங்கள்.

2. வயது எத்தனை நாள்? அந்த நாள் கணக்கு எந்த ஊரில், எந்த மாதம் விதைத்துப் பார்த்தது? உங்கள் நிலத்தில் தண்ணீர் நிற்கும் நாளையும் அடுத்த பயிரின் நாளையும் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கனடாவில் முடிவு நாளைப் பனி வைக்கிறது. நம்மிடம் கிணற்றுத் தண்ணீரும் வடகிழக்குப் பருவமழையும் வைக்கின்றன.

3. பட்டம் பிந்தினால் என்ன செய்வது? பகல் குறையும் மாதத்தில் விதைத்த சோயா சீக்கிரம் பூத்துக் குட்டையாக நிற்கும். அப்போது பரிந்துரைத்த இடைவெளியைக் கூட்டாதீர்கள். செடி எண்ணிக்கை குறைந்தால் மகசூலும் குறையும்.

4. முளைப்புத்திறன் எவ்வளவு? சோயா விதை சீக்கிரம் உயிர் இழக்கும். சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 70 சதவீதம். நீல நிறச் சான்று அட்டையில் சோதனைத் தேதியைப் பாருங்கள். விதைப்புக்கு ஒரு வாரம் முன் 100 விதையை ஈரச் சாக்கில் சுற்றி வைத்து நீங்களே எண்ணிப் பாருங்கள்.

5. ரைசோபியம் கலந்தீர்களா? எக்டருக்கு 600 கிராம் ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதையில் பூசி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி விதைக்கலாம். சோயாவுக்கு உரிய ரைசோபியம்தானா என்று பொட்டலத்தில் பார்த்து வாங்குங்கள். நிலக்கடலைக்கோ உளுந்துக்கோ உள்ளது இதற்குச் சரிவராது.

6. புது ரகத்தை முதலில் எவ்வளவு போடுவது? 10 சென்ட் போதும். பக்கத்திலேயே நீங்கள் வழக்கமாகப் போடும் ரகத்தையும் அதே நாளில் விதையுங்கள். பூத்த நாள், முற்றிய நாள், செடி உயரம், அடிக்காய் உயரம், எடை இந்த ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு பட்டம் இப்படிப் பார்த்த பிறகு ஏக்கர் கணக்கில் போகலாம்.

7. விதையை வைத்துக்கொள்ளலாமா? சோயாவில் பிற மகரந்தம் சேர்வது 1 சதவீதத்துக்கும் குறைவு. கலப்பில்லாத வயலில் நோயற்ற செடிகளைத் தேர்ந்து எடுத்தால் ரகம் மாறாது. ஆனால் தோல் மெலிது. ஓங்கி அடித்துப் பிரித்தால் உள்ளே முளை உடையும். மெதுவாகத் தட்டிப் பிரித்து, நன்கு உலர்த்தி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

ஒட்டாவா நிலையத்தின் வேலைக்கும் உங்கள் 10 சென்ட் சோதனைக்கும் அளவில்தான் வித்தியாசம். இரண்டிலும் கேள்வி ஒன்றே: இந்த மண்ணில், இந்தப் பகலில், கையில் இருக்கும் நாளுக்குள் இந்தச் செடி முற்றுமா? அதற்கான பதிலை விதைப் பையின் மேல் உள்ள படத்தில் தேட வேண்டாம், உங்கள் நோட்டில் தேடுங்கள். உங்கள் மாவட்டத்துக்குப் பரிந்துரைத்த ரகங்களின் பட்டியலும் விதை இருப்பும் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் வேளாண்மை விரிவாக்க மையத்திலும் கிடைக்கும். பட்டம் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே போய்க் கேட்டுவிடுங்கள்.